முதல் பொருள்: இரங்கல்

நகர்மன்ற உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து, தலை குனிந்து நின்றனர். தலைவர் மட்டும் தம் புதுச் சட்டையின் கைமடிப்பில் தொங்கிய வெள்ளை நூலை விரலால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"காலைலதான் வாங்கினேன். கழுத்து கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்று அருகில் நின்ற துணைத்தலைவரிடம் கிசுகிசுத்தார்.

"தேர்தல் முடியறதுக்குள்ள அலைஞ்சே இளைச்சிடுவீங்க. அப்ப சரியா இருக்கும்."

எதிரே, நகராட்சிப் பொறியாளரான அம்மையார் ஒலிபெருக்கியின் முன் நின்று பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினொரு பெயர்கள். அவற்றுள் நான்கு குழந்தைகளுடையவை. ஒலிபெருக்கி வழக்கம்போல் பாதியை விழுங்கிவிட்டு மீதியைக் கரகரவென்று துப்பியது.

இரங்கல் தீர்மானத்தை யார் கொண்டுவந்தாலும் அதற்கே முதலிடம் என்பதும், அதன்மீது ஒருவரும் கேள்வி எழுப்புவதில்லை என்பதும் அம்மன்றத்தின் மரபு. எழுந்து நிற்பார்கள், குனிந்த தலையோடு கைப்பேசியைப் பார்ப்பார்கள், பிறகு அமர்வார்கள். அன்றும் அவ்வாறே அமர்ந்தார்கள்.

பொறியாளர் மட்டும் உடனே அமரவில்லை. எவரேனும் எதையேனும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவர் போல ஒவ்வொரு முகமாக நோக்கினார். நாற்காலிகள்தாம் கிறீச்சிட்டன.

நடவடிக்கைகளைக் குறித்துக்கொண்டிருந்த செயலாளர் தலை நிமிர்ந்தார். "இறந்த தேதி என்ன போடட்டும் மேடம்?"

"அதை மட்டும் விட்டு வைங்க. கூட்டம் முடியட்டும், சொல்றேன்."

அடுத்த பொருள் குடிநீர். நகரின் மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் தூண்களில் விரிசல் கண்டிருந்தது. ஆகவே, பொறியாளரின் சொற்படி, கோடை தொடங்கியதிலிருந்து அதில் பாதியளவே நீர் ஏற்றப்பட்டு வந்தது. அன்று முதல் அதை விளிம்புவரை நிரப்ப வேண்டும் என்று துணைத்தலைவர் முன்மொழிந்தார்.

"ஓட்டு கேட்கப் போனா குழாயைத் திறந்து காட்டுறாங்க. வெறும் காத்துதான் வருது. கோபத்துல என் தலையில ஊத்தக்கூட அவங்ககிட்ட தண்ணி இல்ல."

சிரிப்பு அடங்கும்வரை பொறியாளர் காத்திருந்தார். "தூண் விரிசல்ல என் விரலே நுழையுது. கீழ ஆளுங்க குடியிருக்காங்க. அவங்களை வேற இடத்துக்கு மாத்திட்டு நிரப்புங்கன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்றேன்."

"விரிசல்தானே? பல்லுல விட்டா அடைக்கிறோம்ல, அந்த மாதிரி சிமெண்ட் வெச்சுப் பூசி விடுங்க," என்றார் உறுப்பினர்களுள் ஒருவரான பல் மருத்துவர்.

"விரிசல் விட்ட பல்லால கொட்டையை உடைக்கச் சொல்வீங்களா டாக்டர்?"

மருத்துவருக்கும் சேர்த்துத் துணைத்தலைவர் வாய் திறந்தார்.

"மேடம் வேலைக்கு வந்த நாள்லேருந்து விழும் விழும்னுதான் சொல்றாங்க. தொட்டி அப்படியேதான் நிக்குது. கேட்டுக் கேட்டு நம்ம காதுதான் புளிச்சுப் போச்சு."

"பள்ளிக்கூடம் விடுமுறையில பூட்டிக் கிடக்கு தலைவரே. அங்க தங்க வைக்கலாம். ஒரு வாரம் கொடுங்க, தூணுக்கு முட்டுக் கொடுத்துடறேன்," என்றார் பொறியாளர். அவர் குரலில் முன்னெப்போதும் இல்லாத ஒரு கெஞ்சல் இருந்தது.

தலைவர் நூலைச் சுருட்டியவாறே மறுப்பாகத் தலையசைத்தார். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் கேப்பாங்க, நாளைக்கு வீடு கேப்பாங்க. தேர்தல் முடியட்டும், பார்ப்போம்."

மேசைகள் தட்டப்பட்டன. மேசையைத் தட்டிவிட்டால் தீர்மானம் நிறைவேறியதாகப் பொருள்.

செயலாளர் அமர்ந்த இடத்திலிருந்தே நீரேற்று நிலையத்துக்குத் தொலைபேசினார். அந்நிலையம் மன்றத்தின் பின்சுவரை ஒட்டி அமைந்திருந்தது. சற்று நேரத்தில் மோட்டாரின் உறுமல் சுவர் வழியே கசிந்து வந்தது. மேசைமேல் இருந்த குவளைகளில் நீர் மெல்ல நடுங்கியது. பொறியாளர் அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும் வேளையில் தலைவருக்குத் தம் கடமை நினைவுக்கு வந்தது.

"பதினோரு பேருன்னா சும்மாவா? எதிர்க்கட்சிக்காரன் போறதுக்கு முன்னாடி நாம போய் நிக்கணும். மலர் வளையம் வாங்கச் சொல்லுங்க. எந்தத் தெரு மேடம்?"

"தொட்டிக்குக் கீழ இருக்கிற சந்து."

நூலைச் சுருட்டிக்கொண்டிருந்த தலைவரின் விரல் நின்றது. "அந்தச் சந்துலயா? யாரு வீட்டுல?"

"எல்லா வீட்டுலயும்தான். முதல்ல படிச்சது தையல்காரர் பேரு. அப்புறம் அவர் மனைவி, ரெண்டு பொண்ணுங்க."

"என்ன மேடம் சொல்றீங்க? இந்தச் சட்டையைத் தைச்சதே அவர்தான். காலைல நானே போய் வாங்கிட்டு வந்தேன். சின்னப் பொண்ணுதான் காகிதத்துல சுத்திக் கொடுத்துச்சு. எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க?"

செயலாளர் பேனாவைத் திறந்தபடி தேதிக்காகக் காத்திருந்தார். சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது.

"இப்பவும் நல்லாத்தான் இருக்காங்க தலைவரே," என்றார் பொறியாளர். "தொட்டி இன்னும் நிரம்பல."