பதினெட்டாவது கேபிள்

"கண்ணைக் கட்டிவிடுங்க மாப்பிள்ளை! உலகத்துல எந்த மானிட்டரா இருந்தாலும் சரியான கேபிளை எடுத்துத் தரேன்!" என்றார் மாமனார்.

"விளையாடாதீங்க மாமா. பத்து நிமிஷத்துல எனக்கு இன்டர்வியூ!"

மானிட்டரின் கேபிளைக் காணவில்லை. பெட்டியில் கிடந்த பதினேழில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வேறு வழியின்றி, மாப்பிள்ளை அவர் கண்ணைத் துண்டால் கட்டினான்.

மாமனார் தடவித் தடவி பால்கனிக்கு நடந்தார்.

"மாமா, பெட்டி இங்கே இருக்கு!"

"கேபிள் அங்கேயிருந்து என்னைக் கூப்பிடுதே!"

சற்று நேரத்தில் ஒரு கேபிளோடு திரும்பினார். மாப்பிள்ளை அதை வாங்கிச் செருகியதும் மானிட்டரில் படம் பளிச்சென்று வந்தது. மாப்பிள்ளை வாயைப் பிளந்தான்.

அப்போது பால்கனியில் மாமியார் அலறினார்: "ஐயோ, தக்காளிச் செடி சாஞ்சிடுச்சே! நேத்து நீங்க கட்டின ஒயரை ஏங்க அவிழ்த்தீங்க?"

மாப்பிள்ளை தன் கையில் ஒட்டிய செடிமண்ணைப் பார்த்தான்.

"ஒத்துக்கறேன் மாமா. நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டேதான் கேபிளை எடுத்தீங்க. ஆனா நேத்து மானிட்டர்லேருந்து கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் கழட்டியிருக்கீங்க!"