ஒரே தட்டுப் பொடி

சமையலறையின் பேசும் எண்ணெய்க் குழாய் அவரவர் உடம்பைப் பார்த்து அவரவர் எண்ணெயை ஊற்றியது. புராஸ்டேட் சுரப்பி வீங்கியதிலிருந்து வேதமுத்துவுக்குப் பூசணிவிதை எண்ணெய், மனைவி எஸ்தருக்கு நல்லெண்ணெய். கல்யாணமான நாள்முதல் ஒரே தட்டில் இட்லிப்பொடி குழைத்துத் தின்றவர்கள், எட்டு வருடமாகத் தனித்தனித் தட்டில் சாப்பிட்டார்கள்.

"இன்னைக்காவது நல்லெண்ணெய் உண்டா?" என்று அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"இல்லை ஐயா," என்றது குழாய்.

எஸ்தர் சிரித்தாள். "எண்ணெய் மேல அம்புட்டு ஆசையா?"

"எண்ணெய் மேல இல்லளா. ஒன் தட்டு மேல."

அவள் சிரிப்பு நின்றது. தன் தட்டை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருடைய பொடியில் இட்லியைத் தோய்த்துத் தின்று முகம் சுளித்தாள்.

"அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை அம்மா," என்றது குழாய்.

"ஒன்னிய யாரு கேட்டா?" என்றபடி அடுத்த துண்டைப் பிட்டாள்.