நாமக்கட்டி

செல்லையாவின் மேல் இமையில் சிவப்பாக வீக்கம் கிளம்பியதும், கண்கட்டி என்றுதான் மனைவி அம்சவேணி நாமக்கட்டியைக் குழைத்துத் தடவினாள். பார்க்கக் கூடாததைப் பார்த்தவனுக்குத்தான் கண்கட்டி வரும் என்பார்கள். "எவ குளிக்கிறதப் பாத்தாரோ" என்று குழாயடியில் அவளே சிரித்துச் சொல்லிவைத்தாள். மாதங்கள் போயும் வீக்கம் வடியாமல் இருக்க, வேடிக்கைக்குச் சொன்னது நிஜமாகிவிட்டது. அவன் தலை தெரிந்தால் தெருப் பெண்கள் மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அம்சவேணியுமே முதுகைக் காட்டித்தான் புடவை மாற்றினாள். அவன் தரையைப் பார்த்தே நடக்கப் பழகிவிட்டான். இமையில் துளி சதை எடுத்துச் சோதித்த டாக்டர், இது கண்கட்டியே இல்லை, தோலில் அபூர்வமாக வரும் ஒருவகைப் புற்றுநோய் என்றார். செல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப எதையும் பாத்ததால வந்தது இல்லையே, டாக்டர்?" "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க." "அத இவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா." டாக்டர் அம்சவேணி பக்கம் திரும்பினார். காலையில் அவள் தடவிய நாமக்கட்டி அவன் இமையில் வெள்ளையாகக் காய்ந்து வெடித்திருந்தது. துடைப்பதற்கு முந்தானையைக் கொண்டுபோனாள். தினமும் தடவக் காட்டுவதைப்போலவே, அவன் கண்ணை மூடி முகத்தை நீட்டினான்.