கட்டன் கொண்டுவந்த செருப்பு

கட்டன் அன்றைக்கும் குவியல் போட்டிருந்தது.

லோகாம்பாள் வீட்டு நாய் அது. பால் விடாத கட்டன் சாயா நிறம், அதனால் அந்தப் பேர். அவள் புருஷன் ராமபத்ரன் காலையில் படகேறி வெலிங்டன் தீவு ஆபீசுக்குப் போனதும் அதற்கு வேலை தொடங்கிவிடும். அவர் துண்டு, பழைய பனியன், குடை என்று அவர் வாசனை அடிக்கிற சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்கு இழுத்து வந்து, குவித்து, அதன்மேல் படுத்துக்கொள்ளும். சாயந்திரம் அவர் வந்தால்தான் எழுந்திருக்கும்.

அன்றைக்குக் குவியலில் ஒரு செருப்பும் இருந்தது. இடது கால்.

லோகாம்பாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜோடியில் ரெண்டு வாரும் அறுந்தபோது, கறுப்பு நூல் இல்லாமல் அவளே சிவப்பு நூலால் தைத்தது. பத்து நாளைக்கு முன்னால் ராமபத்ரன் வெறுங்காலோடு வந்து, "அம்பலத்து வாசல்ல எவனோ போட்டுண்டு போயிட்டான்" என்று சொன்ன அதே செருப்பு.

அந்தக் கோயில் ஒரு மைல் தூரம். கட்டனோ, தெருவில் திரியும் மட்டாஞ்சேரி ஆடுகளுக்குப் பயந்து தெருமுனையைக்கூடத் தாண்டாது.

சாயந்திரம் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டேளா, உங்க செருப்பு கிடைச்சுடுத்து. கட்டன் கொண்டுவந்தது."

டம்ளர் பாதியில் நின்றது. "ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். அம்பலத்துலேர்ந்து இங்க எப்படி வந்தது?"

"நாய்தானே, எங்கயாவது சுத்தியிருக்கும். அந்த ஒத்தையை எங்கிட்ட குடு."

"ஒத்தைச் செருப்பு உங்களுக்கு எதுக்கு?"

அவர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு விசாலாக்ஷி காதருகே வந்தாள்.

"தெரியுமோ? நாலு வீடு தள்ளி, அம்மிணி வாசல்ல பத்து நாளா ஆம்பிளைச் செருப்பு கிடக்கறது. புருஷன் பேர்ஷ்யாவுல எண்ணெய்க் கம்பெனியில. இங்க அவளும் அவ சின்னப் பொண்ணும்தான். முந்தாநாள் வரைக்கும் ரெண்டு கால் இருந்தது, இப்ப ஒத்தைதான் இருக்கு."

மற்ற நாளாக இருந்தால், அதற்குக் கண் காது மூக்கு வைத்து அடுத்த தெருவுக்கு அனுப்பியிருப்பவள் லோகாம்பாள்தான். இன்றைக்குக் குடம் நிரம்பி வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தாள். பத்து நாளும் மனுஷர் நேரத்துக்கு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே போகவில்லை. ஆள் இங்கே இருக்க, செருப்பு மட்டும் எப்படி அங்கே போகும்? கோபப்படுவதா, சிரிப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

மத்தியானம் செருப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினாள். கட்டனும் கூடவே வந்தது.

தோப்பும்படியில் இறால் உரிக்கும் வேலை முடிந்து அம்மிணி அப்போதுதான் வந்திருந்தாள். படியில் வலது கால் செருப்பு மட்டும் கிடந்தது. அதே சிவப்பு நூல்.

லோகாம்பாள் முந்தானையிலிருந்து செருப்பை எடுத்தாள்; வாயைத் திறப்பதற்குள் அம்மிணி அதைப் பார்த்துவிட்டாள்.

"கிட்டியோ மாமி? ரெண்டு நாளா தேடறேன்" என்றாள், மாமிகளிடம் கற்ற தமிழும் மலையாளமுமாக.

"இது யாரோடதுன்னு தெரியுமா உனக்கு?"

"மாமி வீட்டு சாமியோடதுதானே. சாமி மாமியிட்ட பறஞ்சில்லையோ?"

அம்மிணி குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு ஆளுகள் மாமி. இருட்டினா வந்து கதவைத் தட்டுவா. தீப்பெட்டி உண்டோ, குடிக்க வெள்ளம் உண்டோன்னு கேப்பா. மோள் பயந்து உறங்கவே மாட்டா. சாமி இந்த வழியா போறப்போ, பழைய செருப்பு ஏதாவது தருவேளான்னு கேட்டேன். வாசல்ல ஆம்பிளைச் செருப்பு கிடந்தா உள்ள ஆள் உண்டுன்னு நினைப்பாளே. சாமி மேல ஒண்ணும் கேக்கலை. கால்ல இருந்ததைக் கழட்டி வெச்சுட்டு வெறுங்காலோட போயிட்டார்."

"அப்பறம்?"

"தட்டறது நின்னுபோச்சு. ஒத்தைக் கால் ஆனதும் நேத்து திரும்ப வந்துட்டா."

லோகாம்பாள் கட்டனைப் பார்த்தாள். அது வலது செருப்பை மோந்துகொண்டிருந்தது.

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு அவருக்கு என்ன?"

அம்மிணி தயங்கினாள். "மாமி கோபப்படப்படாது. மாமிக்குத் தெரிஞ்சா குழாயடிக்குத் தெரியும். குழாயடிக்குத் தெரிஞ்சா அந்த ஆளுகளுக்கும் தெரியும். அப்பறம் அது வெறும் செருப்புதான்னு சாமி சொன்னார்."

லோகாம்பாளுக்கு முகம் சுட்டது. குனிந்து, இடது செருப்பை வலதின் பக்கத்தில் வைத்தாள். கட்டன் உடனே வாயைக் கொண்டுபோயிற்று. கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

முதல் தடவையாக அதைக் கட்டிப் போட்டாள். மனசு கேட்காமல், ராமபத்ரனுடைய இன்னொரு துண்டையும் எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள். சாயந்திரம் அவர் வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் குழாயடியில் விசாலாக்ஷி காத்திருந்தாள்.

"ரெண்டாவது காலும் வந்துடுத்து, பாத்தியோ? ஆள் யாருன்னு உனக்காவது தெரியுமோ?"

நாலைந்து பேர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள்.

"தெரியுமே" என்றாள் லோகாம்பாள். "அம்மிணியோட அண்ணா. போலீஸ்ல இருக்கானாம். பகல் பூரா தூங்கறான், ராத்திரி பூரா முழிச்சிண்டிருக்கான். பொல்லாத கோபக்காரன்."

பிறகு, தெருமுனைக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."