குளவிக்கு வைத்த பேர்

இலங்கையின் ஹுன்னஸ்கிரிய கோப்பித் தோட்டத்துத் துரை புதுவகைக் குளவி ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் ‘கங்காணி’ என்று பெயர் வைத்துவிட்டார். கூலியாட்களை வேலை வாங்கும் கங்காணி கறுப்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“சீமைப் புஸ்தகத்துல என் பேரு ஏறப்போவுது,” என்று பழம் பறிக்கும் பெண்களிடம் மீசையை முறுக்கினார்.

“பொருத்தமான பேருங்க,” என்றாள் நல்லம்மா, சிரிக்காமல்.

அந்தப் பக்கம் வந்த துரையிடம் கறுப்பையா பணிவாகக் கேட்டார்.

“அந்தக் குளவி என்னங்க தொரை செய்யும்?”

“புழுவுக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே இருந்து, புழுவைச் சாகவிடாம கொஞ்சம் கொஞ்சமா திங்கும்.”

கறுப்பையாவின் கை மீசையிலிருந்து இறங்கியது.

“அதுக்குப் போயி இந்தப் பேரை எப்பிடிங்க யோசிச்சீங்க?”

“நான் எங்கே யோசிச்சேன்? இங்கே இதுக்கு என்ன பேருன்னு கேட்டேன். அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க.”

அன்றைக்குப் போல் அந்தப் பெண்கள் என்றைக்குமே தலைநிமிராமல் வேலை பார்த்ததில்லை.