இழுக்காதீங்க

"இழுக்காதீங்க. அவன் அப்படியே கிடக்கட்டும்."

சொன்னது பெற்ற அப்பன். லாரி ஓட்டுகிற ஆள். இடிந்து விழுந்த தையல் கம்பெனிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே இரண்டு கான்கிரீட் பலகைகளுக்கு நடுவில் மகனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உயிர் இல்லை. டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. செத்தவனுக்குத் தாய்மாமன். பெயிண்டர். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன பேச்சு மாப்ளே இது? என் தங்கச்சி அங்கே, மூஞ்சியையாவது காட்டுங்கன்னு தலையில அடிச்சிக்கிட்டுக் கிடக்கா. கயித்தைக் கட்டி இழுத்தா வந்துடுவான்."

"இப்ப வேணாம் மச்சான்."

"பின்னே எப்ப? மழையில ஊறின பிறகா?"

லாரிக்காரர் மகனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். "கல்லுக்குக்கூட வேர்க்கும். இந்த ஆளுக்குக் கண்ணு கசியலியே!"

மைத்துனரின் போன் சிணுங்கியது. பார்த்தார். முகத்தில் உயிர் வந்தது.

"என் பொண்ணு! 'குழாயில தண்ணி சொட்டுது. குடிச்சோம். மூணு பேர் இருக்கோம்'னு எழுதியிருக்கா!"

மகள் அடித்தளக் கிடங்கில் மாட்டியிருந்தாள். அங்கே எப்போதுமே டவர் எடுக்காது. அதனால் கம்பெனி ஆட்கள் எல்லோரும் போனில் ஒரு செயலி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு போன் அனுப்புவதைப் பக்கத்துப் போன் வாங்கி அடுத்ததற்குத் தள்ளும். தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கை மாறுகிற மாதிரி. எந்த வழி கிட்டமோ, அந்த வழி. அப்பாவின் போனிலும் அவளே அதைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

மீட்புப் படைத் தலைவர் ஓடி வந்தார். "மேலே தட்டுற சத்தம் எந்தப் பக்கம் கேட்குதுன்னு கேளுங்க."

கேட்டார். பதில் வந்தது.

"படிக்கட்டுப் பக்கமாம் சார்!"

ஆட்கள் கடப்பாரையோடு படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். மைத்துனரும் பின்னாலேயே ஓடினார்.

தலைவர் லாரிக்காரர் காதருகே குனிந்தார். "அவர்கிட்ட சொல்லிடட்டுமா ஐயா? ரொம்ப நேரம் தாங்காது."

"வேணாம். மச்சானும் தாங்க மாட்டான்."

சற்று நேரத்தில் மைத்துனர் திரும்பி வந்தார். கையில் கயிறு. கூட இரண்டு ஆட்கள்.

"உனக்கு வேண்டாட்டி விடு. என் தங்கச்சி பெத்த பிள்ளை. நான் எடுத்துட்டுப் போறேன்."

கணுக்காலில் முடிச்சுப் போட்டார். லாரிக்காரர் பாய்ந்து வந்து மகனின் கால்கள்மேல் விழுந்தார்.

"இழுத்தா மேல இருக்கறது அப்படியே உக்காந்துடும். வேணாம் மச்சான்!"

"உக்காரட்டுமே! இனிமே அவனுக்கு வலிக்கவா போகுது?"

"கொஞ்ச நேரம் பொறு. கையெடுத்துக் கும்பிடறேன்."

"நீயெல்லாம் ஒரு அப்பனா?"

ஓங்கி ஓர் அறை. யாரும் தடுக்கவில்லை. லாரிக்காரர் வாங்கிக்கொண்டார். பிடியை மட்டும் விடவில்லை.

மறுபடி போன் சிணுங்கியது. மைத்துனர் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"அப்பா, மத்த போனெல்லாம் அணைஞ்சிடுச்சு. இங்கேருந்து அத்தான் போன் ஒண்ணுதான் காட்டுது. அது வழியாத்தான் உங்களுக்கு வருது. அத்தானைக் கொஞ்ச நேரம் நகராம இருக்கச் சொல்லுங்கப்பா."