உப்பா, சர்க்கரையா?

நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. மயிலாப்பூர் சந்து வீட்டின் சமையலறை ஜன்னலில் வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. வெளியே ஆட்டோக்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. ஜஹீதா பாம்பே டோஸ்ட்டுக்காக முட்டையையும் பாலையும் அடிக்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி அடிக்கிறாள். மருமகளுக்கு நாள் தள்ளியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த ஏலக்காய், இவ்வளவு நெய். அந்த மருமகள் சாய்மா சமையலறை வாசலில் நிற்கிறாள், துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக. மத்தியானத்திலிருந்தே ஏதோ சொல்ல வருகிறாள், சொல்லாமல் போகிறாள். தவாவில் நெய் புகைகிறது. “உப்பப் போட்டனா சக்கரயப் போட்டனான்னே தெர்லம்மா. ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி கீது. நோன்போட நாக்குல வெச்சும் பாக்க முடியாது” என்று ஜஹீதா அலுத்துக்கொள்கிறாள். சாய்மா உள்ளே வருகிறாள். கிண்ணத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைக்கிறாள். “சக்கரதான் மாமி.” ஜஹீதாவின் கரண்டி அப்படியே நிற்கிறது. விடியுமுன் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு நோன்பு வைத்தவள் இவள். மாதவிலக்கு வந்தால் நோன்பு முறிந்துவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். கூடத்தில் ஆண்கள் தட்டுகளைப் பரப்புகிற சத்தம் கேட்கிறது. ஜஹீதா ஒரு ரொட்டித் துண்டை முக்கித் தவாவில் போடுகிறாள், திருப்புகிறாள், சிவந்ததும் தட்டில் எடுத்து மேலே சர்க்கரையைத் தூவுகிறாள். பிறகு இன்னொரு தரமும் தூவுகிறாள். கதவைக் காலால் தள்ளிச் சாத்துகிறாள். “பாங்கு சொல்ற வரைக்கும் நீ இன்னாத்துக்குக் காத்துக்கினு கீற? சூடா கீது, துன்னு.”